காயலான் கடை உதிரிபாகம்: பார்த்து வாங்கி, பழுது நீக்கி, வண்டியில் மாட்டுவது வரை

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. ஆனால் இன்றும் தினமும் ஆபீஸ் போய்வரும் 800-கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், ஃபில்டர் மாதிரி அடிக்கடி மாற்றும் சரக்கு புது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இன்னும் கிடைக்கிறது. கதவு, டேஷ்போர்டு, வைப்பர் லிங்க், ஸ்டியரிங் காலம் என்று கேட்டால் "அது இப்போ வர்றதில்ல சார்" என்பார்கள். அங்கிருந்து அடுத்து போக வேண்டிய இடம் காயலான் கடை.

சென்னைக்காரர்களுக்கு அது புதுப்பேட்டை. எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் கரையை ஒட்டிய சந்துகளில், ஒரு கடையில் கதவு மட்டும், அடுத்ததில் கியர்பாக்ஸ் மட்டும், அதற்கடுத்ததில் ஹெட்லைட் மட்டும் என்று பிரித்து அடுக்கியிருப்பார்கள். எங்கே எது கிடைக்கும் என்பது இரண்டு தடவை நடந்தால் பழகிவிடும். வாங்கியது ஓடுமா என்பதுதான் கஷ்டமான கேள்வி. அதற்கான விடையில் பாதி, அந்தப் பாகம் வண்டியிலிருந்து ஏன் கழற்றப்பட்டது என்பதில் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். எடுத்துக்காட்டுக்கு மாருதி 800-ஐ வைத்துக்கொள்கிறேன். முறை எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

வண்டி எதனால் உடைப்புக்கு வந்தது?

கடைக்காரரிடம் முதலில் விலையைக் கேட்காதீர்கள். "இது எந்த வண்டியில இருந்து எடுத்தது பாய்?" என்று கேளுங்கள். சொந்தமாக வண்டி உடைக்கும் கடையாக இருந்தால் கதை தெரியும். "பின்னாடி லாரி இடிச்ச வண்டி சார், இன்ஜின்ல கையே வைக்கல" என்ற மாதிரி பதில் வரும். அதைக் கேட்டவுடன் நம்ப வேண்டாம், ஆனால் அதை வைத்துப் பாகத்தைப் பாருங்கள். பின்னால் அடிபட்ட வண்டி என்றால் முன்பக்க லைட், ரேடியேட்டர், ஆல்டர்நேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது) எல்லாம் அன்று காலைவரை ஓடிக்கொண்டிருந்தவை. காயலான் கடையில் கிடைக்கும் சரக்கிலேயே நல்லது அதுதான்.

வயதாகி உடைப்புக்கு வந்த வண்டி வேறு. ஓனர் கடைசி இரண்டு மூன்று வருடம் ஆயில்கூடச் சரியாக மாற்றியிருக்க மாட்டார். அதில் இரும்பும் கண்ணாடியும் எடுக்கலாம்: கதவு, பானட், கண்ணாடி, ரிம், சீட் ஃபிரேம். சுழலும் பாகம், உரசும் பாகம் எல்லாம் தேய்ந்துதான் இருக்கும்.

மூன்றாவது வகை, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் ஏராளமான கார்கள் இப்படி உடைப்புக்குப் போயின. மேலே கழுவித் துடைத்துவிட்டால் பார்க்கப் புதிது மாதிரி இருக்கும். வயரிங் கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சை பூத்திருந்தால், அல்லது விரல் நுனியில் மாவு மாதிரி வண்டல் ஒட்டினால், அந்த வண்டியின் மின்சாதனம் எதையும் தொடாதீர்கள். சீட் பெல்ட் முழுவதையும் வெளியே இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கோடு தெரியும். ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் நின்ற அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கும். ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி), ஆல்டர்நேட்டர், வைப்பர் மோட்டார், ஃபேன் மோட்டார் மாதிரியானவை வெள்ளத்தில் நின்ற பிறகும் சில மாதம் ஓடும், அப்புறம் உள்ளே அரிப்பு முற்றி நின்றுபோகும். கடையில் போட்டுப் பார்த்தால் ஓடும் என்பதால்தான் இதில் ஏமாறுவது சுலபம்.

எதை வாங்கவே கூடாது

இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சீட் பெல்ட், ஏர்பேக் இரண்டையும் பழையது வாங்காதீர்கள். விபத்தில் ஒருமுறை ஆளைப் பிடித்து நிறுத்திய பெல்ட்டின் நாடா நீண்டிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. ஏர்பேக்குக்குள் வெடிமருந்து இருக்கிறது. கழற்றும்போதே வெடித்துக் கையைச் சேதப்படுத்தலாம், மாட்டிய பிறகு தேவையான நேரத்தில் விரியாமலும் போகலாம்.

பிரேக் பேட், பிரேக் ஷூ, பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட், டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், டைமிங் பெல்ட், பெட்ரோல் ஹோஸ், டயர் எல்லாம் புதியதாகவே வாங்குங்கள். ரப்பருக்கு, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயது ஏறிக்கொண்டே போகும். இவற்றில் பெரும்பாலானவை இன்றும் கடையில் கிடைக்கின்றன, விலையும் பெரிதில்லை. பிரேக் டிஸ்க் நல்ல கனத்தில் கிடைத்தால் எடுக்கலாம். பெரும்பாலான டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். வெர்னியர் காலிபரால் அளந்து அந்த எண்ணுக்கு மேல் தாராளமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வாங்கலாம் என்ற பட்டியல் நீளமானது: கதவு, பானட், டிக்கி, ஃபெண்டர், பக்கவாட்டுக் கண்ணாடி, ஹெட்லைட், கண்ணாடி ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர், கைப்பிடி, சீட், ரிம், செல்ஃப் மோட்டார், ஆல்டர்நேட்டர், வைப்பர் மோட்டார், ரேடியேட்டர், கார்புரேட்டர், கியர்பாக்ஸ்.

இன்ஜினே வாங்க நினைத்தால் நில்லுங்கள். இன்ஜின் நம்பர் உங்கள் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறது. அதை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், பழைய இன்ஜின் எந்த வண்டியினுடையது, முறையாகக் கைமாறியதா என்பதற்குத் தாள் வேண்டும். தாள் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நம்பர் ராவப்பட்ட பிளாக்கைப் பார்த்தால் விலைகூடக் கேட்காமல் வந்துவிடுங்கள். திருட்டுச் சொத்து என்று தெரிந்து வாங்கினால் மட்டும் குற்றம் என்றில்லை. அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி அதுவும் குற்றம். மற்ற பாகங்களுக்கும் கடைப் பெயர் போட்ட பில் வாங்குங்கள். பில் தர மறுக்கும் கடைக்கு அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கும். 2021-இல் வந்த வாகன உடைப்பு மைய விதிகளின்படி பதிவுபெற்ற மையங்களிலிருந்து வரும் பாகம் கிடைத்தால் இந்தக் கவலை குறைவு.

கிளம்பும் முன்

முதலில் உங்கள் வண்டியில் பழுதானது அந்தப் பாகம்தானா என்று உறுதி செய்யுங்கள். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன், பேட்டரி டெர்மினலையும் இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் கேபிளையும் பாருங்கள். எர்த் கேபிளின் முனை துருப்பிடித்திருந்தால் நல்ல மோட்டாரும் "டக்" என்ற சத்தத்தோடு நின்றுவிடும். யாரோ இப்படித் தவறாகக் கழற்றிப்போட்ட நல்ல மோட்டார்கள் காயலான் கடையில் உண்டு. உங்களுடையதும் அங்கே போய்ச் சேர வேண்டாம்.

பிறகு உங்கள் பழைய பாகத்தைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். போட்டோ போதாது. கழற்ற முடியாத பெரிய பாகம் என்றால் நாலு பக்கமும் படம் எடுத்து, போல்ட் ஓட்டைகளின் இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாகத்தின் மேல் எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சுசுகி எண்களில் கோடுக்கு முன்னால் இருக்கும் 5 இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். 31100 என்றால் செல்ஃப் மோட்டார், 31400 என்றால் ஆல்டர்நேட்டர். கோடுக்குப் பின்னால் வருவது எந்த மாடல், எந்த மாற்றம் என்பதற்கு. லூகாஸ் டிவிஎஸ் மாதிரி மின்சாதனம் செய்யும் கம்பெனியின் பாகம் என்றால் அவர்களுடைய எண் தனியாக ஸ்டிக்கரிலோ தகட்டிலோ இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

796 சிசி என்ற எண்ணை நம்பி மட்டும் வாங்காதீர்கள். 800-இல் வந்த எஃப்8பி இன்ஜினில் 6 வால்வு. ஆல்டோவில் வந்த எஃப்8டி-யும் 796 சிசி, 3 சிலிண்டர்தான், ஆனால் 12 வால்வு, ஹெட் முழுக்க வேறு. அந்த 12 வால்வு இன்ஜின் இடையில் சில 800-களிலும் வந்திருக்கிறது. ஆம்னியிலும் எஃப்8பி-தான் என்றாலும் அதில் இன்ஜின் நெடுக்காக உட்கார்ந்து பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. 800-இல் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை. பிஸ்டன், வால்வு மாதிரி உள்பாகங்கள் ஒத்துப்போகலாம், கியர்பாக்ஸும் அதோடு சேர்ந்த பாகங்களும் போகாது. "எல்லாம் ஒண்ணுதான் சார், உக்காந்துடும்" என்று கடையில் சொன்னால் உங்கள் பழைய பாகத்தைப் பக்கத்தில் வைத்துப் பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை, கனெக்டர் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்: மல்டிமீட்டர், சின்ன டார்ச், துணியில் சுற்றிய காந்தம், ஸ்டீல் ஸ்கேல், 10, 12, 14, 17 மி.மீ. ஸ்பேனர், கையுறை. மாருதியில் பெரும்பாலான போல்ட்டுகளை இந்த நாலு அளவுக்குள் கழற்றிவிடலாம். கிளம்பும் முன்பே புதியதன் விலையையும், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் உங்கள் பழையதையே ரிப்பேர் செய்ய என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள். என் கணக்கு இது: பழைய பாகத்தின் விலையோடு அதைச் சரிசெய்ய வாங்கும் கிட், பேரிங் செலவையும் கூட்டி, புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதே வாங்குவேன். புதியதே கிடைக்காத பாகத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கடையில் கழற்றுவது

புதுப்பேட்டையில் பெரும்பாலும் கழற்றிய பாகமாகவே கிடைக்கும். ஊருக்கு வெளியே பெரிய யார்டுகளில் முழு வண்டி நிற்கும், நீங்களே கழற்ற விடுவார்கள். விட்டால் அதைத்தான் தேர்ந்தெடுங்கள். பாகம் வண்டியில் இருக்கும்போதே ஆட்டி, சுற்றி, ஆயில் கசிவைப் பார்க்கலாம். ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

வண்டி ஜாக்கியில் மட்டும் நின்றால் அடியில் படுக்காதீர்கள். யார்டில் செங்கலும் பழைய டயரும் அடுக்கி ஏற்றி வைத்திருப்பார்கள், அதை நம்பவே வேண்டாம். பேட்டரி இருந்தால் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். பழைய பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். துருப்பிடித்த தகட்டில் கை கிழிவது சகஜம், டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொண்டு போங்கள்.

துருப்பிடித்த போல்ட்டில் ஸ்ப்ரே ஆயில் அடித்து பத்து நிமிடம் விட்டு, ஸ்பேனரை மாட்டி முதலில் கொஞ்சம் இறுக்குங்கள். துருவின் பிடி விட்டு "கிரீச்" என்று அசைந்த பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். நேராகக் கழற்றப் போனால் தலை முறியும். ஆறுமுக பாக்ஸ் ஸ்பேனர் போடுங்கள், பன்னிரண்டுமுக ரிங் தேய்ந்த தலையில் வழுக்கும். கழற்றிய போல்ட், வாஷர், கிளிப் எல்லாவற்றையும் அந்தப் பாகத்தோடு ஒரே பையில் போடுங்கள். வயரை ஒட்ட வெட்டாமல் கனெக்டரோடு ஒரு சாண் நீளம் விட்டு வெட்டி எடுங்கள். அந்தக் கனெக்டர் தனியாகத் தேடினால் கிடைக்காது.

செல்ஃப் மோட்டார்: கடையிலேயே சோதனை

எல்லோரும் வாங்கும் பாகம் இது. முழுதாகப் பழுது நீக்கக் கற்றுக்கொள்ளவும் இதுதான் சிறந்தது.

முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பல்லைப் பாருங்கள். நுனி லேசாக மழுங்கியிருந்தால் சரி, ஒரு பல் உடைந்திருந்தாலும் வேண்டாம். பினியனைக் கையால் சுற்றுங்கள். ஒரு பக்கம் எளிதாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் ஆர்மேச்சரோடு (மோட்டாருக்குள் சுழலும் வைண்டிங் தண்டு) சேர்ந்து கனமாகச் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் எளிதாகச் சுற்றினால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒன்வே கிளட்ச் போய்விட்டது. வண்டியில் மாட்டினால் மோட்டார் மட்டும் "விர்" என்று சுற்றும், இன்ஜின் அசையாது. அடுத்து பினியன் தண்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் அதிகமிருந்தால் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. அது மலிவான வேலைதான், அதற்காக ஒதுக்க வேண்டாம். விலை குறைக்கக் காரணமாகச் சொல்லலாம்.

பிறகு பேட்டரி கேளுங்கள். எல்லாக் கடையிலும் ஒரு பேட்டரியும் தடித்த கேபிளும் இருக்கும். மோட்டாரைக் காலால் அழுத்திப் பிடியுங்கள், வைஸ் இருந்தால் இன்னும் நல்லது. சுற்றும்போது அது உதறும். நெகட்டிவ் கேபிளை மோட்டார் பாடியில் பிடித்து, பாசிட்டிவைச் சாலினாய்டில் (பினியனை முன்னால் தள்ளும் மின்காந்தச் சுவிட்ச்) பேட்டரி கேபிள் வரும் தடித்த போல்ட்டில் மாட்டுங்கள். அங்கிருந்து ஒரு சின்ன வயரைச் சாலினாய்டின் சின்ன டெர்மினலில் தொடுங்கள். பினியன் "டப்" என்று முன்னால் பாய்ந்து, மோட்டார் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். வயரை எடுத்ததும் பினியன் உள்ளே திரும்ப வேண்டும். சுற்றும்போது இழுத்து இழுத்து ஓடினால், உள்ளே உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டுகள் தேய்ந்திருக்கின்றன. கருகிய வாசனை வந்தால் ஆர்மேச்சர் வைண்டிங் எரிந்திருக்கிறது, வேண்டாம். எந்தச் சோதனையும் பத்து நொடிக்கு மேல் போக வேண்டாம்.

வீட்டில் பிரித்துச் சரிசெய்வது

கடையில் நன்றாகச் சுற்றினாலும் அப்படியே மாட்டாதீர்கள். ஒரு மாலைப் பொழுது செலவழித்தால் அதன் ஆயுள் நீளும். பிரிக்கும் முன் இரண்டு மூடிகளிலும் நடுப் பாடியிலும் பெயிண்டால் ஒரே கோடு போடுங்கள். திரும்பச் சேர்க்கும்போது எந்தப் பக்கம் எது என்ற குழப்பம் வராது. சாலினாய்டைக் கழற்றி, பின்பக்க நீள போல்ட் இரண்டையும் எடுத்தால் மூடி வந்துவிடும்.

உள்ளே கார்பன் தூள் கறுப்பாக அப்பியிருக்கும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். இரும்பு மூடிகளை டீசலில் கழுவலாம். ஆர்மேச்சரையும் ஒன்வே கிளட்ச்சையும் பெட்ரோலிலோ டீசலிலோ முக்காதீர்கள். கிளட்ச்சுக்குள் கம்பெனியில் வைத்த கிரீஸ் கரைந்தால் திரும்ப வைக்க வழியில்லை. ஆர்மேச்சரின் வார்னிஷும் பாழாகும். இரண்டையும் துணியால் துடைத்தால் போதும்.

கார்பன் புதியதன் பாதி நீளத்துக்குக் கீழே இருந்தால் நாலையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஸ்பிரிங் துரு இல்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும்.

கார்பன் உரசும் செம்பு உருளைதான் கம்யூட்டேட்டர். அது பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் தொட வேண்டாம். கறுத்துத் திட்டுத் திட்டாக இருந்தால் நைஸ் சாண்ட் பேப்பரை நாடாவாகக் கிழித்து, சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் தேயுங்கள். எமரி ஷீட் வேண்டாம், அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு இடையில் மாட்டினால் ஷார்ட் ஆகும். பட்டைகளுக்கு நடுவில் மைக்கா கோடுகள் இருக்கும். அவை செம்பைவிட அரை மி.மீ. அளவுக்கு உள்வாங்கி இருக்க வேண்டும். செம்பு தேய்ந்து மைக்கா மேலே வந்திருந்தால் கார்பன் எழும்பி எழும்பி ஓடும். உடைந்த ஹாக்ஸா பிளேடின் பக்கத்தைக் கிரைண்டரில் மெல்லியதாகத் தேய்த்து, அதைக் கொண்டு ஒவ்வொரு கோடாக மைக்காவைச் சுரண்டுங்கள். பொறுமையான வேலை. கடைசியில் ஒவ்வொரு பள்ளத்தையும் டூத் பிரஷ்ஷால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள், செம்புத் துகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இனி மல்டிமீட்டர். கம்யூட்டேட்டரின் எந்தப் பட்டைக்கும் நடுத் தண்டுக்கும் இணைப்பு காட்டக் கூடாது. காட்டினால் ஆர்மேச்சர் பாடி அடிக்கிறது (கரண்ட் இரும்புக்குக் கசிகிறது), ரீவைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு இடையே இணைப்பு காட்ட வேண்டும். உள்ளுக்குள் இரண்டு சுற்று ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது மல்டிமீட்டரில் தெரியாது. ரீவைண்டிங் கடையில் குரௌலர் என்ற மின்காந்தச் சோதனைக் கருவி மேல் வைத்து ஹாக்ஸா பிளேடால் பார்த்துச் சொல்வார்கள்.

புதிய வெண்கல புஷ்ஷை முந்தின நாளே இன்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள். அந்த உலோகத்தில் நுண்துளைகள் உண்டு, அது குடிக்கும் ஆயில்தான் வாழ்நாள் முழுக்க அதற்குத் தீனி. பினியன் ஓடும் வரிப்பற்களில் லேசாக கிரீஸ் தடவுங்கள், அப்ப வேண்டாம். அதிக கிரீஸில் கிளட்ச் தூசி சேர்ந்து பினியன் ஒட்டிக்கொள்ளும். சாலினாய்டு பிளஞ்சரைத் துடைத்து உலர்வாகவே போடுங்கள். சேர்த்த பிறகு அதே பேட்டரிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சத்தம் முன்பைவிடச் சீராக இருக்கும்.

ஆல்டர்நேட்டர்

ஆல்டர்நேட்டரில் கடைச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. பெல்ட் போட்டுச் சுற்றிக் காட்டும் வசதி எல்லாக் கடையிலும் இருக்காது. புல்லியைக் காதருகே வைத்துக் கையால் சுற்றுங்கள். "கரகர" என்றால் பேரிங் போயிருக்கிறது, அது மாற்றக்கூடியது. எங்கோ இடித்து நின்று நின்று சுற்றினால் உள்ளே சுழலும் ரோட்டர், சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரில் உரசுகிறது. அதை விட்டுவிடுங்கள்.

பிரித்தபின் பார்க்க வேண்டியவை மூன்று. ரோட்டரின் இரண்டு ஸ்லிப் ரிங்குகளுக்கு இடையே சுமார் 2 முதல் 5 ஓம் காட்ட வேண்டும். ரிங்குக்கும் தண்டுக்கும் இணைப்பே இருக்கக் கூடாது. ஸ்டேட்டரின் மூன்று முனைகளும் ஒன்றோடொன்று இணைப்புக் காட்ட வேண்டும், இரும்புப் பாடியோடு காட்டக் கூடாது. டயோடு பிளேட்டில் ஒவ்வொரு டயோடையும் மீட்டரின் டயோடு முறையில் வையுங்கள். ஒரு பக்கம் 0.4 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும், வயரை மாற்றிப் பிடித்தால் ஒன்றும் காட்டாது. இரண்டு பக்கமும் காட்டினாலும், இரண்டு பக்கமும் காட்டாவிட்டாலும் அது செத்த டயோடு. சரியாகச் சோதிக்க ஸ்டேட்டர் முனைகளைச் சால்டரிங் அயர்ன் கொண்டு பிரிக்க வேண்டும். அதிகச் சூடு டயோடையே கெடுக்கும் என்பதால் மூக்குக் குறடால் காலைப் பிடித்துக்கொண்டு வேகமாக எடுங்கள். பேரிங் இரண்டையும் எப்படியும் மாற்றுங்கள். பழைய பேரிங்கில் எண் பொறித்திருக்கும், அதைச் சொன்னால் பேரிங் கடையில் அதே அளவு தருவார்கள்.

கதவு, ரேடியேட்டர், கார்புரேட்டர்

கதவைத் தலைகீழாகத் திருப்பி அடிவிளிம்பைப் பாருங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபட்ட கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். துணி சுற்றிய காந்தத்தைக் கதவு முழுக்க நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது. அதுவும் விலை பேச நல்ல காரணம்.

ரேடியேட்டரில் செம்பு-பித்தளை என்றால் ஈயப் பற்று வைக்கலாம், பிளாஸ்டிக் டாங்கும் அலுமினியமும் சேர்ந்தது என்றால் பற்று நிற்காது. எல்லா வாயையும் அடைத்து, தண்ணீரில் முக்கி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று விட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும். மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாதீர்கள்.

கார்புரேட்டரில் த்ராட்டில் தண்டின் ஆட்டம்தான் முக்கியம். தண்டும் ஓட்டையும் தேய்ந்து ஆடினால் வழியில் காற்று புகும், எவ்வளவு டியூன் செய்தாலும் ஐட்லிங் நிற்காது. அடிப்பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், வளைந்திருந்தால் வெளிச்சம் கசியும். ஜெட்டுகளைக் கழுவிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை நுழைக்காதீர்கள், ஓட்டை பெரிதானால் பெட்ரோல் குடிக்கும். கேஸ்கெட் கிட் புதியது போடுங்கள்.

ஈ.சி.யூ. பற்றி ஒன்று. சாவியில் சிப் வரும் வண்டிகளில் ஈ.சி.யூ.வும் சாவியும் ஜோடி. எண் ஒன்றாக இருந்தாலும் வேறு வண்டியின் ஈ.சி.யூ. உங்கள் சாவியை ஏற்காது. அதைத் திரும்பப் பதிய வைக்கத் தெரிந்தவர் கைவசம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மாட்டுவதும், அதன்பின் ஒரு வாரமும்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பாகம் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். செல்ஃப் மோட்டாருக்கும் ஆல்டர்நேட்டருக்கும் அந்த உலோகத் தொடுகைதான் எர்த். எல்லா போல்ட்டையும் கையால் பாதி ஏற்றிய பிறகே ஸ்பேனர் போடுங்கள். ஒன்றை முதலில் இறுக்கினால் மற்றது ஓட்டைக்கு வராது, மரை கெடும்.

செல்ஃப் மோட்டாரை மாட்டியபின் பேட்டரியில் மீட்டரை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால், பேட்டரி நல்லதாக இருக்கும்பட்சத்தில், மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது. ஆல்டர்நேட்டர் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. அளவுக்குத் தாழ வேண்டும். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டும் 13-க்குக் கீழே இறங்கினால் ஒரு டயோடாவது போயிருக்கலாம். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரியை வேகவைக்கும். சார்ஜ் ஆகிறதா என்று பார்ப்பதற்காக ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யவிடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் டயோடையும் ஈ.சி.யூ.வையும் சேர்த்து எரிக்கும்.

முதல் வாரம் ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள். நூறு கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், பெல்ட் தளர்ந்திருந்தால் சரிசெய்யுங்கள். கடையில் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்ன நாள் கணக்கு பில்லில் எழுதியிருக்கட்டும், அதற்குள் மழையிலும் வெயிலிலும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். உங்கள் பழைய பாகத்தை எடைக்குப் போடும் முன் அதிலிருந்து நல்ல போல்ட், ஸ்பிரிங், புல்லி, கனெக்டர் ஆகியவற்றைக் கழற்றி, வண்டி மாடல் எழுதிய ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.